டிரைவர் யாருகிட்ட பேசினாரு?

...எப்பக் கிளம்பும்னு என்னைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? நானா ஓட்டுறேன்? ஏறு மகளே, ஏறி உக்காரு. இங்க இருந்த மீசைக்காரரு இப்பத்தான் 'உங்க வண்டியும் வேணாம், உங்க மசாக்கா ஊரும் வேணாம்'னு முனகிக்கிட்டே இறங்கிப் போனாரு. பையை மடியிலயே வச்சுக்கோ. கீழ வைக்காத, கீழ யாரோ ஒரு சேவலைக் கட்டிப் போட்டிருக்காங்க. அதுக்கும் பொறுமை போயிருச்சு, கண்ட காலையும் கொத்துது. கண்டக்டர் உன்கிட்ட என்ன சொன்னான்? 'ஏறுங்க, இப்பவே எடுத்துருவோம்'னானா? சொல்லுவான், சொல்லுவான். டிரைவரே இல்லாத வண்டிக்கு ஆள் ஏத்துறதுக்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேணும் பாரு!

டிரைவரா? அதோ. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாமரத்தடியில. வெள்ளை உடுப்புப் போலீஸ்காரருக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான். வேறென்ன, போன்தான்! வண்டி ஓட்டிக்கிட்டே காதுல போனை வச்சிருந்தாராம். லுக்காயாச் சந்தைக்குள்ள நுழையிறோம், கோழி சுட்டு விக்கிறவளுக, கோஞ்சா வாழைப்பழம் சுட்டு விக்கிறவளுக, எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு வண்டிக்குக் குறுக்க ஓடி வர்றாளுக, அந்த நேரம் பாத்துப் போன்! போலீஸ்காரரு கையை நீட்டினாரு. அம்புட்டுதான். அதுலேருந்து இங்கயே கெடக்குறோம்.

நல்லா வேணும்! நல்லா வேணும்னுதான் சொல்றேன். சட்டம்னா சட்டம். ஹ்ம்...

அந்தப் பாட்டுக் கேக்குற குழாயைக் காதுலேருந்து எடு மகளே. ரெண்டையும் எடுக்க வேணாம், ஒண்ணை எடு. ம், அது போதும்.

இந்த நாட்டுல போன் பேசாம வண்டி ஓட்டுறவன் எவன் இருக்கான், நீயே சொல்லு. மோட்டார் சைக்கிள்ல ஆள் ஏத்துற போடா-போடாக்காரனுங்களை எடுத்துக்கோ. ஹெல்மெட் போடுங்கடா, மண்டை உடைஞ்சு சாவாதீங்கடான்னு வருசக்கணக்கா கத்தினாங்க. ஒருத்தன் போட்டானா? மாட்டான். அப்புறம் எவனோ ஒரு மகராசன் கண்டுபுடிச்சான், ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவுல போனைச் சொருகிக்கலாம், கையால புடிக்க வேணாம்னு. மறுநாளே ஊரு முழுக்க ஹெல்மெட்டு! சட்டத்துக்குப் பயந்து போட்டாங்கன்னு மேலதிகாரிங்க மாலை போட்டுக்கிட்டிருப்பாங்க. மண்டைக்காகவா போட்டான்? போனுக்காகப் போட்டான்.

பெரிய மனுசங்க காரைப் பாத்திருக்கியா? முன்னாடி ஒண்ணு ஊதிக்கிட்டுப் போகும், பின்னாடி ஒண்ணு ஊதிக்கிட்டு வரும், நடுவுல போறதுல டிரைவரும் போன்ல, ஐயாவும் போன்ல. அவங்க பேசினா அது நாட்டு வேலை. இந்த மாதிரி ஆள் ஏத்துற டாக்சி வேன்காரன் பேசினா அது குத்தம். அந்த ஐயாவே சாயங்காலம் வானொலியில வந்து, 'பொறுப்பில்லாத ஓட்டுநர்கள்'னு ஆரம்பிப்பாரு. நான் கேட்டேனே! 'சட்டம் மட்டும் பத்தாது, தொழில்நுட்பமும் வேணும்'னாரு. என்ன தொழில்நுட்பம்னா, வண்டி நகர ஆரம்பிச்சதும் போன் தானா செத்துருமாம். பேசவும் முடியாது, வந்தா எடுக்கவும் முடியாது. ஆகா! அப்ப பிரயாணி போனும் சேர்ந்து சாகுமான்னு ஒருத்தன் கேட்டான். அதுக்கு ஐயா, 'நல்ல கேள்வி'ன்னாரு. நல்ல கேள்வின்னு சொன்னாலே பதில் இல்லைன்னு அர்த்தம். போனுக்கு எப்படி மகளே தெரியும், டிரைவர் கையில இருக்கோமா, பின்சீட்டுல இருக்குற ஒரு வயசானவ கையில இருக்கோமான்னு? ரெண்டும் ஒரே வேகத்துலதானே ஓடுது. கடைசியில எல்லார் வாயையும் சேர்த்துக் கட்டிருவாங்க...

கட்டியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ம்... ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

அந்தா, முன் கண்ணாடிக்குக் கீழ கறுப்பா ஒரு பெட்டி இருக்கே, தெரியுதா? தலையை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பாரு. அது இந்த வண்டி முதலாளி வச்சது. அவரு தொழில்நுட்பக்காரரு. டிரைவர் போனைத் தொட்டா அந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சிருமாம். 'பீங் பீங்'னு கத்தும். அதுக்கும் அடங்கலைன்னா உள்ளேருந்து ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல திட்டுவா. டிரைவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால அந்தத் திட்டு பூராவும் பின்னாடி இருக்குற நமக்குத்தான். முதலாளி ஒரு காசு கூட அதிகம் வாங்காம நமக்கெல்லாம் திட்டு ஏற்பாடு பண்ணியிருக்காரு. நல்லவரு.

ஆனா அந்த நல்லவரு ரொம்பக் கறாரு. டிரைவரை இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை போலீஸ் புடிச்சிருக்கு. ஒரு தடவை வேகம், ஒரு தடவை விளக்கு எரியல. இது மூணாவது. மூணாவதா எழுதிட்டாங்கன்னா லைசென்ஸ் போயிரும்னு கண்டக்டர் சொல்றான். லைசென்ஸ் போச்சுன்னா முதலாளி சாயங்காலமே சாவியை வாங்கி வேற ஒருத்தன் கையில குடுத்துருவாரு. வாசல்ல எத்தனை பேரு சாவிக்குக் காத்துக்கிட்டிருக்கான்! அப்புறம் அந்த மனுசன் என்ன பண்ணுவாரு? வீட்டுல பொண்டாட்டி இன்னைக்கோ நாளைக்கோன்னு நிறைமாசமா இருக்கா.

எனக்கு எப்படித் தெரியுமா? தெரியும். டாக்சியில நாலு பேச்சு காதுல விழுந்தா தெரியாதா.

ஏய் கோழிக்காரி! வேணாம்னு சொன்னேனா இல்லையா? ஜன்னல்ல எதுக்கு அந்தக் கோழி குத்துன குச்சியை நீட்டுறே, கண்ணைக் குத்திருவே போல இருக்கு. என்னது? என்னடி சொன்னே? திரும்பச் சொல்லு. யாருகிட்டப் பேசினாரு?

கேட்டியா மகளே, கேட்டியா? கோழி விக்க வந்தவ பேச்சைக் கேட்டியா? டிரைவர் சின்ன வீட்டுக்காரிகிட்டப் பேசிக்கிட்டிருந்தாராம்! போலீஸ்காரரு எத்தனை தடவை கேட்டும் யாருகிட்டப் பேசினேன்னு வாயைத் திறக்க மாட்டேங்குறாராம், அதனால அது சின்ன வீடுதானாம்! சந்தையே பேசிக்குதாம்! இவளுக்குச் சந்தைக்காரங்க நம்பர் போட்ட மேலங்கி குடுத்தது கோழி விக்கவா, குடும்பத்தைக் கெடுக்கவா? போடி! போயிரு! உன் கோழியும் வேணாம், உன் சேதியும் வேணாம்!

நமக்கு முன்சீட்டுல இருக்குற அந்த ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க பாரு. அந்த மீசைக்காரரும் அதைச் சொல்லிட்டுத்தான் இறங்கினாரு, 'அவன் காதல் முடியிற வரைக்கும் நாங்க காயணுமா'ன்னு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நேரமும் மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். எவ்வளவுதான் மூடறது?

அவருக்குச் சின்ன வீடா! என் மாப்பிள்ளைக்கா!

...ஆமா மகளே. மாப்பிள்ளைதான். என் மக நக்கிமேராவைக் கட்டினவரு. வலுசிம்பின்னு பேரு. என்ன அப்படிப் பாக்குறே? மாப்பிள்ளை ஓட்டுற வண்டியில மாமியா கடைசிச் சீட்டு மூலையில ஏன் உக்காந்திருக்கான்னு பாக்குறியா? நீ எந்த ஊரு? வடக்கே குலுவா? அதான். மசாக்காவுக்கு வாத்தியாரம்மாவாப் போறியா? அப்ப இதையும் கத்துக்கிட்டுப் போ, அங்க உதவும். எங்க ஊருப் பக்கத்துல மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராப் பாக்க மாட்டோம். கை குடுக்க மாட்டோம். பக்கத்துல உக்கார மாட்டோம். ஒரு சாமானைக் குடுக்கணும்னா அவரு தரையில வச்சுட்டு நகர்ந்துக்குவாரு, அப்புறம் நான் எடுத்துக்குவேன். மீறினா கை கால் நடுக்கம் வரும். சிரிக்காத, வந்தவங்களை நான் பாத்திருக்கேன். அது பயத்துனால வந்ததா மீறினதுனால வந்ததான்னு கேட்டா எனக்குத் தெரியாது. நடுங்கினாங்க, அது தெரியும்.

அது ஒண்ணும் பகையில்ல மகளே. மரியாதை. அம்புட்டு மரியாதை, கிட்ட வர முடியாத அளவுக்கு மரியாதை.

ஒரே வண்டியில போறதே தப்புன்னு என் நாத்தனா சொன்னா. அவளுக்கென்ன, அவ மாப்பிள்ளை கம்பாலாவுல கடை வச்சிருக்கான், பஸ்ஸா ஓட்டுறான்? என் மகளுக்கு நாள் நெருங்குது, துணைக்கு ஆள் வேணும். 'அம்மா, வேற எவன் வண்டியிலயும் ஏறாத, கண்டவனும் போன் பேசிக்கிட்டு ஓட்டுறான், பயமா இருக்கு, அவரு வண்டியிலயே வா'ன்னா. நானும் யோசிச்சேன். அவரு முன்னாடி, நான் கடைசி மூலையில. நடுவுல பன்னெண்டு பேரு. பன்னெண்டு பேரு உக்காந்தா ஒரு சுவரு மாதிரிதானே? ஏறும்போது அவரு அந்தப் பக்கம் டயரைப் பாத்துக்கிட்டு நின்னாரு, நான் இந்தப் பக்கமா ஏறிக்கிட்டேன். எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு.

கல்யாணமான புதுசுல எங்க பேச்சு எப்படி இருக்கும் தெரியுமா? அவரு வீட்டுக்கு வந்தா கதவுக்கு வெளிய நின்னு இருமுவாரு. நான் உள்ளேருந்து இருமுவேன். நல்லாருக்கீங்களா, நல்லாருக்கேன், அதுல முடிஞ்சு போச்சு. மத்ததெல்லாம் நக்கிமேரா வழியா. அவ நடுவுல நின்னு ரெண்டு பக்கத்துக்கும் அவளுக்கு வேண்டியதைச் சேர்த்துச் சொல்லுவா, அது வேற கதை.

அப்புறம் போன் வந்துச்சு பாரு. போன்ல முகம் இல்ல. கை இல்ல. பக்கத்துல உக்காரணும்னு இல்ல. குரல் மட்டும்தான். ஒரு வழக்கமும் உடையல, ஒருத்தருக்கும் நடுக்கம் வரல! இந்தப் போனைக் கண்டுபுடிச்சவன் எங்க பக்கத்து மாப்பிள்ளையாத்தான் இருக்கணும். அன்னையிலேருந்து தினம் சாயங்காலம் கூப்புடுவாரு. 'அத்தை, சாப்டீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? மழை பேஞ்சுதா?' என் வயித்துல பொறந்தவ அவளுக்குக் காரியம் ஆகணும்னாத்தான் கூப்புடுவா. இவரு சும்மா கூப்புடுவாரு. போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி பூரா திரும்பத் திரும்பப் போன் அடிச்சாரு. எனக்கு ஆம்பளைப் புள்ளை கெடையாது மகளே. போன்லதான் எனக்கு ஒரு புள்ளை கெடைச்சான். அவன் முகம் முழுசா எப்படி இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது. முதுகு தெரியும். இப்பவும் பாரு, முதுகுதான் தெரியுது.

கண்ணுல தூசி. லுக்காயாவுல ஒரே புகை, கோழி சுடுற புகை.

சரி, நீ கேக்கலைன்னாலும் நானே சொல்லிர்றேன். ஆமா. நான்தான். அந்தப் போன் நான்தான் போட்டேன். இதோ, இந்தச் சீட்டுலேருந்து, இதோ இந்தப் போன்லேருந்து. மெதுவா! முன்சீட்டுக்காரங்க காதுல விழுந்துறப் போவுது!

பின்ன நான் என்ன பண்றது? கம்பாலா தாண்டினதும் வண்டி கொஞ்சம் பறந்துச்சு. மெதுவாப் போகச் சொல்லணும். சத்தம் போட்டுச் சொல்லலாமா? மாமியா வாயால மாப்பிள்ளையைப் பன்னெண்டு பேரு முன்னாடி அதட்டலாமா? கண்டக்டர் லுபோவாகிட்டச் சொல்லி அனுப்பலாம்தான். அவன் தாடி நரைச்சும் அறிவு நரைக்காதவன். 'ஏய் வலுசிம்பி, உன் மாமியாருக்குப் பயமா இருக்காம்'னு கத்துவான். மாப்பிள்ளை மானம் என்னாவுறது? அதனால மரியாதையா, யாருக்கும் தெரியாம, போன்ல கூப்பிட்டேன். 'மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா'ன்னேன். 'சரி அத்தை'ன்னாரு. மெதுவாயிருச்சு. எவ்வளவு வசதி பாரு!

அப்ப அந்தப் பெட்டி 'பீங் பீங்'னு கத்துச்சு. எஞ்சின்ல எதுவோ போச்சுன்னு நெனைச்சேன். உடனே போன் பண்ணினேன். 'மாப்பிள்ளை, அது என்ன சத்தம்?' அவரு போனை எடுத்தாரா, அது இன்னும் பலமாக் கத்துச்சு. 'மாப்பிள்ளை, சத்தம் ஜாஸ்தியாவுதே, ஓரங்கட்டிப் பாருங்களேன்'னேன். 'ஒண்ணுமில்ல அத்தை, அது பெட்டி'ன்னாரு. என்ன பெட்டின்னேன். அதுக்குள்ள அந்த இங்கிலீஷ்காரி ஆரம்பிச்சுட்டா. அவ பேசி முடிக்கிறதுக்கும் நான் வைக்கிறதுக்கும் சரியாப் போச்சு. அவ எதுக்குத் திட்டுறான்னு கேக்கிறதுக்கு இன்னொரு தடவை அடிச்சேன்.

தலையில அடிச்சுக்காத மகளே. இப்பத்தான் எனக்கே புரியுது.

அப்புறம் கயப்வே ஊரு வந்துச்சு. அங்க ஒரு போடா-போடாக்காரன், ஒரு கையில போனு, ஒரு கையில வண்டி, பின்னாடி ஒரு புள்ளைத்தாச்சிப் பொண்ணு. லாரிக்கடியில போகப் பாத்தான். மயிரிழைதான்! அந்தப் பொண்ணு கத்துனது இங்க கேட்டுச்சு. என் மகளும் அந்த மாதிரி வயித்தோட வீட்டுல காத்துக்கிட்டிருக்கா, அவ புருசன் பத்திரமா வந்து சேரணுமே. கொஞ்ச நேரம் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். மனசு அடங்கல. லுக்காயா வர்ற நேரம், உடனே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன்.

என்ன சொன்னேனா?

...'மாப்பிள்ளை, வண்டி ஓட்டும்போது போன் பேசாதீங்க'ன்னு சொன்னேன்.

சிரிச்சுத் தொலை. சிரி. எனக்கே சிரிப்பு வந்திருக்கும், அவரு அங்க நிக்காம இருந்தா.

அவரு, 'சரி அத்தை, பேச மாட்டேன்'னாரு. அதோட வச்சிருக்கலாம்தான். வைக்க மாட்டாரு! பெரியவங்க வைக்கிறதுக்கு முன்னாடி அவரு வைக்கவே மாட்டாரு, அப்படி வளர்ந்த புள்ளை. நான்தான் வைக்கணும். நான் வச்சேனா? சந்தை வருது, மகளுக்கு ரெண்டு கோஞ்சா வாங்கவா, வாழைக்காய் வீட்டுல இருக்கா, தொட்டில் கட்டியாச்சான்னு... பேச்சு வளர்ந்துருச்சு. அவரு காதுல போனை வச்சுக்கிட்டே 'ம் அத்தை, ம் அத்தை'ன்னுக்கிட்டு வர்றாரு. மாமியாரோட பேசும்போது தலையில தொப்பி இருக்கக் கூடாதுன்னு ஒரு கையால தொப்பியை வேற கழட்டினாரு. ஒரு கையில போன், ஒரு கையில தொப்பி. ஸ்டீயரிங்கை எந்தக் கையால புடிச்சாருன்னு எனக்குக் கேக்கத் தோணல. போலீஸ்காரருக்குத் தோணிருச்சு.

கையில புடிக்காம ஸ்பீக்கர்ல போட்டுப் பேசலாம்னு சட்டத்துல இடம் இருக்காமே? நீயும் அதைத்தான் சொல்றே. இந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு மாமியாரே கெடையாது, நான் எழுதித் தரேன். மாமியா குரலை ஸ்பீக்கர்ல போட்டுப் பன்னெண்டு பேருக்குக் கேக்க வைப்பாரா எம் மாப்பிள்ளை? செத்தாலும் செய்ய மாட்டாரு. அதே மாதிரிதான் இப்பவும். 'யாருகிட்டப் பேசினே'ன்னு போலீஸ்காரரு கேக்குறாரு. 'என் மாமியாருகிட்ட'ன்னு சொன்னா, அந்த மாமியா எங்கேம்பாங்க. பின்சீட்டுலன்னா சந்தையே சிரிக்கும். என் பேரு நடுரோட்டுல அடிபடும். அதுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டு நிக்கிறாரு. சின்ன வீடுன்னு பேரெடுத்தாலும் பரவாயில்ல, அத்தை பேரு வெளிய வரக் கூடாதுன்னு நிக்கிறாரு. மனுசனா அவன்! இந்த மாதிரி ஒரு புள்ளையை எங்க தேடுவே?

இரு, லுபோவா வர்றான். என்னப்பா, என்ன சொல்றாங்க? எழுதப் போறாங்களா? இன்னும் எழுதலையா? அவசரமான பேச்சுன்னு காரணம் சொன்னா எச்சரிச்சு விட்டுருவேன்னு போலீஸ்காரரே சொல்றாரா? அப்படியும் இவரு வாயைத் திறக்கலையா? போன் யாரு கையில இருக்கு? போலீஸ்காரரு கையிலயா... சரி, நீ போ. போயி அவரு எழுதாம பாத்துக்கோ. எப்படின்னா? தும்மு, இருமு, மயக்கம் போட்டு விழு! என்னத்தையாச்சும் பண்ணு!

இப்ப என்ன பண்றது மகளே? நீ படிச்சவ, சொல்லு. ...நானா? நான் போயிச் சொல்லணுமா? அங்கயா? அவரு நிக்கிற இடத்துக்கா? இவ்வளவு நேரம் நான் என்ன கதையா சொன்னேன்? நீ போயிட்டு வாயேன். உனக்கு மாமியாரும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. ...ஆமா, உனக்கு எதுக்கு இந்த வம்புன்னு கேட்டா அதுவும் சரிதான்.

இரு இரு. இப்ப வண்டி நிக்குதுல்ல? எஞ்சின் அமந்திருக்குல்ல? அப்ப போன் பேசினா எந்தச் சட்டமும் ஒண்ணும் சொல்லாதே?

மாப்பிள்ளை போனுக்கே அடிச்சுட்டேன். மணி போவுது. பாரு, போலீஸ்காரரு கையைப் பாரு... எடுத்துட்டாரு!

அலோ! ஐயா! வணக்கம் ஐயா, நல்லாருக்கீங்களா, வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா? ...இல்ல ஐயா, நான் சின்ன வீடு இல்ல! ஐயையோ! நான் அந்த டிரைவருக்கு மாமியா. பொண்ணைக் குடுத்தவ. அவரு பேசினது என்கிட்டத்தான். எங்கேருந்தா? இங்கேருந்துதான் ஐயா. திரும்புங்க. அந்த வெள்ளை டாக்சி. கடைசி ஜன்னலு. ஒரு கை ஆடுதா? அதுதான் என் கை. ...ஆமா ஐயா, அதே வண்டியிலதான். ...ஆமா ஐயா. வண்டி ஓட்டும்போது போன் பேசாதீங்கன்னு சொல்றதுக்குத்தான். ...ஐயா, நீங்க சிரிச்சு முடிங்க, நான் காத்திருக்கேன்.

என்ன ஐயா? நேர்ல வரணுமா? போன்ல யாரு வேணும்னாலும் மாமியாராகலாம்கிறீங்களா? நியாயம்தான், ஆனா... ஐயா, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? மாமியா உண்டா? எந்தப் பக்கம்? மசாக்காதானா! அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க மாமியாரை இப்படி நடுச்சந்தையில உங்க எதுக்க வந்து நில்லுன்னு ஒருத்தன் சொன்னா நீங்க... ம்... ம்... அவரை மரத்தைப் பாத்துத் திருப்பி நிறுத்துறீங்களா? நடுவுல நீங்க நிக்கிறீங்களா? நான் வந்து சொன்னா எழுதாம விட்டுருவீங்களா? சத்தியமா? நாளைக்கு அவரு திரும்பவும் பேசினா எழுதிருவீங்க. சரி. எழுதுங்க. அவரு பேச மாட்டாரு ஐயா. நான் கூப்புட்டாத்தானே பேசுறதுக்கு.

வர்றேன். வைக்கிறேன்.

மகளே, எந்திரி! வா கூட. உன் சால்வையை ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சுக்கிட்டு என் முன்னாடி நட, நான் அதுக்குப் பின்னாடி... மகளே? எங்க போனா? இப்ப இங்கதானே... அடிப்பாவி! அந்தா, முன்னாடி நிக்கிற வண்டியில ஏறிட்டா! குழாயை ரெண்டு காதுலயும் மாட்டிட்டா! போ தாயி, போ. நல்லா பாடம் சொல்லிக் குடு.

லுபோவா! கதவைத் திற! என்ன பாக்குறே, இறங்கத்தான் போறேன். முன்சீட்டு ஐயாக்களே, கொஞ்சம் முட்டியை மடக்குங்க. ஆமா, சிரிச்சீங்களே, இப்பவும் சிரிங்க. அந்தச் சின்ன வீடு நான்தான்! நல்லாப் பாத்துக்கோங்க!

ஏய் கோழிக்காரி, இங்க வா. உன் தட்டு மேல பெரிசா ஒரு குடை புடிச்சிருக்கியே, அதைக் குடு. விலையெல்லாம் கேக்காத, குடுன்னா குடு. ஊரு முழுக்கக் கதை கட்டினேல்ல, அதுக்கு அபராதம்னு வச்சுக்கோ.

அப்பாடி... முகம் மறையுதா? காலு மட்டும்தானே தெரியுது? காலைப் பாத்தா பரவாயில்ல. பரவாயில்லன்னு நான் சொல்றேன், என் நாத்தனா என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும்.

ஏய்! ஏய் லாரிக்காரா! போனைக் கீழ போட்டுட்டு ரோட்டைப் பாருடா! மனுசங்க குறுக்க வர்றது கண்ணுக்குத் தெரியல?

மாப்பிள்ளை! மாப்பிள்ளை, இது போன் இல்ல, நானேதான். திரும்பிராதீங்க. மரத்தைப் பாத்தே நில்லுங்க... வந்துட்டேன்.